ராஜாக்கள் தினமும் கறிவிருந்தா சாப்பிட்டார்கள்? 2,023 பேரின் எலும்புகள் சொல்வது என்ன?

ராஜா சாப்பாடு என்றதும் நம் மனதில் வரும் காட்சி என்ன? நீளமான மேசை, முழுசாக வாட்டிய ஆடு, கையில் ஒரு தொடைக்கறி. சினிமாவும் வெப் சீரிஸும் பழக்கிவிட்டது இது. இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மன்னர்கள் விஷயத்தில் வரலாற்று ஆய்வாளர்களே கிட்டத்தட்ட இப்படித்தான் நம்பியிருந்தார்கள். மேல்தட்டுக்குக் கறி, குடியானவர்களுக்கு தானியம்.

2022-ல் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிப்பார்த்தது.

அப்படி நம்பக் காரணம் என்ன?

ஒரு பட்டியல்தான். 688 முதல் 726 வரை வெஸ்ஸெக்ஸ் பகுதியை ஆண்டவர் மன்னர் இனே. குறிப்பிட்ட அளவு நிலத்துக்கு மன்னருக்குத் தரவேண்டிய உணவு என்ன என்று அவருடைய சட்டத்தொகுப்பு சொல்கிறது. 300 ரொட்டி, 10 பாத்திரம் தேன், 2 பெரிய மாடு அல்லது 10 கிடா, 20 கோழி, 10 சீஸ், 5 சால்மன் மீன், 100 விலாங்கு மீன். இன்னும் வாத்து, வெண்ணெய், பீர் எல்லாம் உண்டு. காய்கறி? ஒன்றுகூட இல்லை!

'ஃபியோர்ம்' எனப்படும் இதை, அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போன வரியாகவே பலரும் படித்தார்கள். அப்போ ராஜா வீட்டில் தினமும் இதுதானே சமையல் என்று கணக்குப் போட்டார்கள். கல்யாணப் பந்தி மெனுவைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் தினமும் இதுதான் சாப்பாடு என்று சொல்வது மாதிரி!

எலும்பில் எப்படித் தெரியும்?

உயிரித் தொல்லியலாளர் சாம் லெகட், 5 முதல் 11-ம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் புதைக்கப்பட்ட 2,023 பேரின் எலும்புகளிலிருந்து கிடைத்த வேதியியல் தரவுகளை ஆராய்ந்தார். நாம் சாப்பிடும் புரதத்தின் தடம் எலும்பில் பதிகிறது. நைட்ரஜனில் எடை கூடிய ஒரு வகை உண்டு. செடியைவிட அதைத் தின்னும் ஆட்டின் உடலில் அது அதிகம். ஆட்டைத் தின்னும் மனிதனிடம் இன்னும் அதிகம். எலும்பு மெல்ல மெல்லத்தான் புதுப்பிக்கப்படும் என்பதால், ஒருநாள் விருந்து அதில் தெரியாது. பல வருடப் பழக்கம்தான் தெரியும்.

கல்லறையில் கிடைத்த பொருட்கள், உடலை வைத்த விதம் போன்றவற்றை வைத்து, யார் வசதியானவர் என்று பிரித்து ஒப்பிட்டார். அந்தஸ்துக்கும் கறிக்கும் தொடர்பே தென்படவில்லை. பெரும்பாலோர் தானியத்தை நம்பியே வாழ்ந்திருக்கிறார்கள், மேல்தட்டினர் உட்பட.

அப்போ அந்தப் பட்டியல் பொய்யா?

இல்லை. லெகட்டும் வரலாற்று ஆய்வாளர் டாம் லாம்பர்ட்டும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு ரொட்டி என்றால் 300 பேர். மற்றதைப் பங்கு பிரித்தால் தலைக்கு 4,000 கலோரிக்கு மேல் வருகிறது. இது அன்றாடச் சாப்பாடு இல்லை, ஒரு பெரிய விருந்தின் மளிகைக் கணக்கு என்கிறார்கள் இருவரும். இதே மாதிரியான வேறு 10 பட்டியல்களிலும் இதே கதைதான்: ரொட்டி கொஞ்சம், கறி ஏராளம்.

300 பேர் என்றால் அத்தனை பேரும் பிரபுக்களாக இருக்க முடியாது. உள்ளூர் விவசாயிகளும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். இங்கேதான் விஷயம் பெரிதாகிறது. ஃபியோர்ம் என்பது வரி என்றால், அது குடியானவரிடம் பிடுங்கிய சோறு. விருந்து என்றால், ஊருக்கு வந்த மன்னருக்கு சுதந்திர விவசாயிகள் தாங்களே முன்நின்று வைத்த சாப்பாடு. அரசனுக்கும் உழவனுக்கும் இருந்த உறவையே வேறு மாதிரி எழுதவேண்டி வரும்.

இதை வைத்து 'அந்தக் காலத்தில் எல்லோரும் சமம்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட முடியாது. நைட்ரஜன் அளவு, புரதம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காட்டும். அது பாலா கறியா என்று பிரித்துச் சொல்லாது. வயிறு நிறைந்ததா என்றும் சொல்லாது. அந்த 300 பேரில் நல்ல துண்டு யாருக்குப் போனது, முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும்தான்.