கம்ப்யூட்டருக்கும் பேரீச்சம்பழமா?

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே தோண்டிய இடத்திலேயே தாழிகளை விட்டுவைத்து, மேலே கண்ணாடி போட்டு, 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அதே வட்டாரத்தில் ஒரு பரணில் நாற்பது வயதுக் கம்ப்யூட்டர் கிடைத்தால் என்ன ஆகும்? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்தான்!

1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. உள்ளே 6502 பிராசஸர், 32 கேபி மெமரி. அவ்வளவுதான். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதில் போட முடியாது. ஆனாலும் இந்தியாவில் பல மாணவர்கள் முதன்முதலாக பேசிக் மொழியில் புரோகிராம் எழுதியது இந்தப் பெட்டியில்தான்.

இப்படி ஒன்றைச் சரிசெய்ய சாமான் கிடைக்குமா என்று கேட்கிறீர்களா? பெரும்பாலும் கிடைக்கும். பவர் சப்ளையில் இருக்கும் பழைய ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை விடும். அதனால் சுவிட்சைப் போடும் முன்பே அவற்றை மாற்றிவிட வேண்டும். (கரண்ட் விஷயம், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!) கப்பாசிட்டர், 74 வரிசை ஐ.சி. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அகப்படும். 6502-க்கு வாரிசான 65சி02 இன்றும் தயாராகிறது. கால்களில் சில வித்தியாசம் உண்டு, பார்த்துப் பொருத்த வேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிபிசி மைக்ரோவில் திரைக்குப் படம் அனுப்பும் 'வீடியோ யூ.எல்.ஏ.' அந்த மெஷினுக்காகவே செய்த சிப். அந்த அசல் சிப் இப்போது தயாராவதில்லை. அசல்தான் வேண்டுமென்றால் பெரும்பாலும் செத்துப்போன இன்னொரு மெஷினிலிருந்து கழற்ற வேண்டும். சாதாரண சிப்களும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை ஓட்டிய இசட்80-க்கு ஸைலாக் நிறுவனம் 2024 ஜூனோடு ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டது. ஆக, எடைக்குப் போகும் ஒவ்வொரு போர்டும் வேறொரு கம்ப்யூட்டரின் உயிர்.

"எமுலேட்டரில் எல்லாம் ஓடுமே, பெட்டி எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புரோகிராமை ஓட்டிப் பார்க்க எமுலேட்டர் போதும். ஆனால் எந்த சிப் சூடாகிறது, எந்தக் காலில் சிக்னல் வரவில்லை என்று தேடிக் கண்டுபிடிக்க அது கற்றுத்தராது. இன்றைய லேப்டாப்பில் எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கிவிட்டது. பிபிசி மைக்ரோவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிப், கண்ணால் பார்க்கலாம், பல சிப்களைக் கையால் கழற்றலாம். எஸ்.டி. கார்டை யூசர் போர்ட்டில் இணைத்து டிஸ்க் டிரைவாக்கலாம். ராஸ்பெர்ரி பையை இரண்டாவது பிராசஸராக மாட்டலாம். எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் உண்டா?

பள்ளிகளும் கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். பழைய சாமான்களை ஏலம் விடும் முன் மாணவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பார்க்கவிடலாம். ஓடுவதை ஓட்டட்டும். ஓடாததில் நல்ல சிப்களைக் கழற்றி, பெயர் எழுதி, டப்பாவில் போட்டு வைக்கட்டும். மிச்சம் எடைக்குப் போகட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை.

தாழிக்குக் கண்ணாடி போட்ட மண் இது. ஒரு சிப்புக்கு டப்பா கிடைக்காதா என்ன?