கீரையின் இரும்பா, மண்ணின் இரும்பா?

மாணவ நண்பர்களே, முருங்கைக் கீரையில் இரும்புச் சத்து எவ்வளவு என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைகளைப் புரட்டினால் மூன்று விடைகள் கிடைக்கின்றன. பழைய பதிப்பில் 100 கிராம் கீரைக்கு 7 மில்லிகிராம். 1989-இல் திருத்திய பதிப்பில் 0.85, 2017-இல் வெளியான அட்டவணையில் ஏறத்தாழ 4.5. இரகம், நிலம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றால் ஓரளவு வேறுபாடு வரும், மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வளவு வேறுபாட்டைக் கண்டால், அளந்த முறையையும் விசாரிக்கத்தான் வேண்டும்.

கீரையை உலர்த்தி, பீங்கான் மூசையிலிட்டு, சுமார் 500 டிகிரி செல்சியஸில் சாம்பலாக்கி, அச்சாம்பலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். கரைசலில் பொட்டாசியம் தயோசயனேட்டைச் சேர்த்தால் இரத்தச் சிவப்பு நிறம் தோன்றும். இரும்பு மிகுந்தால் நிறமும் அடர்த்தியாகும். இன்று இதைவிட நுட்பமான கருவிகள் உண்டு. ஆனால் இலைக்குள் இருந்த இரும்பையும் இலைமேல் ஒட்டிய மண்ணின் இரும்பையும், சாம்பலான பிறகு எந்தக் கருவியாலும் பிரித்துக் காட்ட முடியாது.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். புவி ஓட்டின் எடையில் சராசரியாக 5 சதவீதம் இரும்பு. அத்தகைய மண் 0.1 கிராம், அதாவது ஒரு சிட்டிகைகூட இல்லை, 100 கிராம் கீரையில் ஒட்டியிருந்தால் போதும். 5 மில்லிகிராம் இரும்பு கூடிவிடும். இலைக்குள் இருப்பதைவிட அதிகம்! அந்த இரும்போ பெரும்பாலும் நம் உடலில் சேராது.

முருங்கைப் பொடியில் 28 மில்லிகிராம் என்று சொல்வதுண்டு. பச்சைக் கீரையில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். காயவைத்தால் தண்ணீர் போகும், இரும்பு போகாது. பழைய 7 நான்கு மடங்காகி 28 ஆயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே, பாடநூலாயினும் பொடி உறையாயினும், பச்சை எடைக்கா உலர் எடைக்கா, கழுவிய இலையா கழுவாததா என்பதையும் எண்ணோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்பேன். இடம் போதாது என்பார்கள். இரண்டு சொற்களுக்கு இடமில்லாத எண்ணை நம்பியா, சோகையால் சோர்ந்த ஒரு மாணவிக்கு எவ்வளவு கீரை வேண்டுமென்று கணக்கிடுவது?

ஒரு கட்டுக் கீரையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை நன்றாகக் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். மறுபாதியை அப்படியே விடுங்கள். இரும்பு உரலில் மட்டும் இடித்துவிடாதீர்கள்! சம எடை எடுத்து, ஆசிரியர் துணையுடன் தயோசயனேட் சோதனையைச் செய்து, இரு சோதனைக் குழாய்களையும் வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள்.