போர்மேனிடம் கேட்பதை உளவுத்துறையிடமும் கேட்போம்

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழைகிறவர் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் நிற்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். இரும்புக் கரண்டி ஆகாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கவும் கூடாது. இதையெல்லாம் கவனிக்கப் போர்மேன் ஒருவர் வேண்டும், அவர் கையில் சான்றிதழும் வேண்டும். விபத்து என்றால் கைதாகிறவர்களில் முதல் ஆள் பெரும்பாலும் அவர்தான். பட்டாசு ஆலைகள் நிறைந்த வெம்பக்கோட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்கு அடிப்படையான வெடிபொருள் சட்டம் வந்தது 1884-இல். மூன்றே ஆண்டு கழித்து, 1887-இல், இன்றைய மத்திய உளவுத்துறையான ஐ.பி.க்கு வித்து போட்டார்கள். அதிலிருந்து பிரிந்து 1968-இல் வெளிநாட்டு உளவுக்கான 'ரா' வந்தது. இந்த இரண்டுக்கும் அதிகாரம் எதுவரை, ஊழியருக்குக் குறைந்தபட்சப் பயிற்சி என்ன என்று சொல்லும் நாடாளுமன்றச் சட்டம் இன்றுவரை கிடையாது. பயிற்சி தரத்தான் செய்கிறார்கள். ஆனால் அது துறைக்குள் போடும் உத்தரவு. வெளியில் யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்த ஊழியர்கள் சங்கம் வைக்கக் கூடாது, பத்திரிகைக்குப் பேசக் கூடாது என்று கட்டுப்படுத்த மட்டும் 1985-இல் சட்டம் போட்டார்கள்.

2011-இல் மணீஷ் திவாரி மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். உளவு அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, நாடாளுமன்றத்தின் கண்காணிப்பில் வைப்பது நோக்கம். அது சட்டமாகவில்லை. தனிநபர் மசோதா கடைசியாகச் சட்டமானது 1970-இல்.

டெல்லி விவகாரம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். நம் காவல் நிலையத்திலேயே தனிப்பிரிவு ஏட்டு இருக்கிறாரே, உளவு வேலை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தகரக் கொட்டகையில் ராத்திரியில் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறார்கள் என்று டீக்கடையில் அவர் காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'சட்டவிரோதத் தயாரிப்பு நடப்பதாகத் தெரிகிறது' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பிவிடலாம். அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? மருந்து அங்கேயே கலக்கிறார்களா? உள்ளே எத்தனை பேர், குழந்தைகள் உண்டா? சொன்னவருக்கும் கொட்டகைக்காரருக்கும் வரப்புத் தகராறு ஏதும் உண்டா? இவ்வளவையும் விசாரித்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அப்போதே உரியவரிடம் சேர்ப்பதற்குப் பெயர்தான் பயிற்சி. அது இல்லாவிட்டால் ஒருபக்கம் உயிர் போகும். இன்னொரு பக்கம் யாரோ ஒருவரின் பகையால் ஒரு குடும்பம் போலீஸ் கோப்பில் ஏறிவிடும். இரண்டாவதையும் நான் சிறிய தீங்காக நினைக்கவில்லை.

தகவல் வந்தும் வீணானதற்கு நெஞ்சை அறுக்கும் சாட்சி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்தியா இலங்கையை எச்சரித்தது. 21-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டார்கள். எச்சரிக்கை கடிதமாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. தேவாலயக் கதவை யாரும் அடைக்கச் சொல்லவில்லை. முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவும் உளவுத்துறைத் தலைவராக இருந்தவரும் மற்ற அதிகாரிகளும் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தேவைதான். ஆனால் தண்டத்தொகையால் அடுத்த தலைமுறை அதிகாரிக்கு வேலை தெரிந்துவிடாது.

இங்கே முதலிப்பட்டி மட்டும் என்ன? 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி அங்கே பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேரைப் பறிகொடுத்தோம். அந்த ஆலை விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை. ஆபத்து கோப்பில் பதிவாகியிருந்தது, ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் பயிற்சியைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்கிறேன். வேலையில் சேரும்போது இத்தனை மாதம், சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சி, தேறாதவருக்குக் களப்பணி இல்லை, குடிமக்களின் உரிமை பற்றிய பாடம் கட்டாயம். பாடத்தின் ரகசியப் பகுதி ரகசியமாகவே இருக்கட்டும். பயிற்சி நடந்ததா இல்லையா என்பதை நாடாளுமன்றக் குழு ஒன்று ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காவல்துறை மாநிலப் பட்டியலில் வருகிறது. நாடாளுமன்றத்தில் இப்படியொரு சட்டம் வந்தாலும் நம் தனிப்பிரிவு ஏட்டுக்கும் தமிழகக் காவல்துறையின் உளவுக் கிளையான கியூ பிரிவுக்கும் அது தானாகப் பொருந்தாது. அவர்களுக்கான மசோதா சென்னையில், சட்டமன்றத்தில்தான் வர வேண்டும். ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வரும் எம்.எல்.ஏ. வேட்பாளர்களிடம் ரோடு, தண்ணீரோடு சேர்த்து இதையும் நாம் கேட்கலாம்.