எழுத்து ஒன்று, வேர் வேறு

மாஸ்கோவில் ஒருவரைத் 'துராக்' என்றழைத்தால் அவர் சினம் கொள்வார். இஸ்தான்புல்லிலோ அதே சொல் பேருந்து நிறுத்தத்தைக் குறிக்கும். ரஷ்ய மொழியில் அதன் பொருள் முட்டாள். துருக்கிய மொழியில் நிற்குமிடம். முன்னது அறிவின்மையை உணர்த்தும் 'துர்' என்னும் ஸ்லாவிய அடியிலிருந்து பிறந்தது. பின்னது 'நில்' எனப் பொருள்படும் 'துர்' என்னும் துருக்கிய வினையடியிலிருந்து பிறந்தது. அடியும் விகுதியும் ஒன்றுபோல் ஒலித்தும் அவற்றிடையே உறவு சிறிதும் இல்லை.

இது தனித்த சான்றன்று. 'சென்' என்பது போலந்து மொழியில் உறக்கத்தையும் கனவையும் குறிக்கும். துருக்கிய மொழியில் அதே எழுத்துகள் 'நீ' என முன்னிலையைச் சுட்டும். சிரில்லிக் எழுத்தில் வரையப்படும் 'ஒன்' என்பது ரஷ்யருக்கு 'அவன்', கசாக்கியருக்குப் 'பத்து'. ஒவ்வொரு மொழியும் சில பத்து ஒலிகளைக் கொண்டே பல்லாயிரம் சொற்களை ஆக்குகிறது. ஆதலின் குறுஞ்சொற்கள் சில தற்செயலாக ஒத்துவருதல் வியப்பன்று. ஒன்றுகூட ஒத்துவராதிருப்பின் அதுவே வியப்பாகும்.

அங்ஙனமாயின் மொழியுறவை எதனால் அறிவது? ஒழுங்கான ஒலிமாற்றத்தால் அறியலாம். துருக்கிய மொழியில் வழி 'யோல்', ஆண்டு 'யில்', ஏழு 'யெதி'. கசாக் மொழியில் அவை முறையே 'ஜோல்', 'ஜில்', 'ஜெத்தி' என வரும். சொல் முதலில் நிற்கும் யகரம் ஜகரமாதல் இங்கே ஒரு நெறியாக அமைகிறது. வடிவம் வேறுபட்ட இச்சொற்களே உடன்பிறந்தவை. வடிவம் ஒத்த 'துராக்' இரண்டும் அயலவை.

ஒப்புமை அனைத்தும் தற்செயல் என ஒதுக்குவதும் பிழையே. செர்பிய மொழியில் காசைக் குறிக்கும் 'பாரா', உதுமானியர் ஆட்சிக்காலத்தில் துருக்கியத்திலிருந்து புகுந்த கடன்சொல். அதற்கு வரலாறு சான்று. போலந்து மொழியில் நீராவியைக் குறிக்கும் 'பாரா'வோ ஸ்லாவிய மொழிக்கே உரியது.

இவ்வேறுபாட்டை மறந்தால் ஆராய்ச்சி பெருமிதத்திற்கு அடிமையாகிவிடும். உலக மொழிகள் யாவும் ஒரு மூலத் துருக்கிய மொழியிலிருந்தே கிளைத்தன எனக் கூறிய 'சூரிய மொழிக் கோட்பாடு' 1936இல் துருக்கிய மொழி மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. அரசின் ஆதரவு இருந்தும், ஒலியொப்புமையையே பெரிதும் நம்பிய அக்கோட்பாடு நிலைபெறவில்லை.

தாய்மொழிப் பற்று போற்றத்தக்கது. எனினும் அது சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. ஒரு சொல்லைக் கண்டதும் 'இது எம்முடையது' என உரிமை கொண்டாடுவதைவிட, 'இது எங்கிருந்து வந்தது?' என வினவுவதே மொழிக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.