சிரிக்கவைத்தவர் சிறியவரா?

1954இல் பில் ஹேலி பாடிப் பதிவுசெய்த 'ராக் அரவுண்ட் த க்ளாக்' பாடலோடு ராக் அண்ட் ரோல் பிறந்தது என்று எழுதும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அப்படி எழுதுவோர் லூயிஸ் ஜோர்டனை மறுப்பதில்லை. 'வேடிக்கைப் பாடகர்' என்று ஒரு வரியில் வணங்கிவிட்டுக் கடந்துபோகிறார்கள். மறுப்பைவிட இந்த வணக்கத்தையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

சிக் வெப்பின் பெரிய வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த ஜோர்டன், 1938 டிசம்பரில் சிறு குழு ஒன்றோடு டெக்கா நிறுவனத்துக்காகத் தம் முதல் இசைத்தட்டுகளைப் பதிவுசெய்தார். அவற்றுள் எல்லாமே மணிகள் என்று நாம் வாதிடவில்லை. வெறும் கோமாளித்தனமாக நின்றுவிட்டவையும் உண்டு. ஆயினும், பெரிய குழுவின் துள்ளலைக் கைப்பிடி ஆட்களுக்குள் அடக்கும் வித்தை அங்கேதான் தொடங்குகிறது. பாடும் வாயும் ஊதும் வாயும் ஒன்றே என்பதால், குரல் ஓய்ந்த பிறகே அவரது சாக்ஸபோன் பேச முடியும். அந்தத் தடையையே அவர் அழகாக்கினார். பாட்டு சொல்லாமல் விட்டதை வாத்தியம் சொல்லி முடிக்கிறது.

1941 நவம்பரில் பதிவான 'ஐம் கோனா மூவ் டு தி அவுட்ஸ்கர்ட்ஸ் ஆஃப் டவுன்' பாடலைக் கேளுங்கள். மனைவியைச் சந்தேகிக்கும் கணவன் ஊரின் எல்லைக்கே குடிபெயரத் துடிக்கிறான். கேட்பவர் சிரிக்கிறார், பாடுபவனோ வெந்துகொண்டிருக்கிறான். இதை வேடிக்கை என்று மட்டும் சொல்பவருக்குச் செவி உண்டு, கேள்வி இல்லை என்போம்.

இப்புறக்கணிப்பு ரசனைப் பிழை மட்டுமன்று. பில்போர்டு இதழ் 1942இல் கறுப்பர் இசைக்கு 'ஹார்லெம் ஹிட் பரேட்' என்று தனிப் பட்டியல் வகுத்தது. பட்டியல் பிரிந்தது, வரலாறும் அவ்வழியே பிரித்து எழுதப்பட்டது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தச் சுவர் இல்லை. நாற்பதுகளில் ஜோர்டனின் இசைத்தட்டுகளைத் தயாரித்த மில்ட் கேப்ளர்தான் 1954இல் ஹேலியின் அந்தப் பாடலையும் தயாரித்தார். ஜோர்டனின் தாளநடையை ஹேலியின் குழுவுக்குக் கைமாற்றியதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஜோர்டன் 1975இல் மறைந்தார். 1987இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரை 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற பிரிவில் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்குக் கடைக்கால் போட்டவரைத் திண்ணையில் உட்காரவைத்து உபசரிப்பதற்குப் பெயர் மரியாதையா? அந்தப் பழைய தட்டுகளைக் கேட்டுவிட்டுப் பிறகு நம்மோடு வாதிட வாருங்கள்.