இளஞ்சிவப்பு ஸ்டம்ப்புகளும் நம் ஏளனமும்

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பின் தேநீர் இடைவேளையில், ஜனவரி மாத சிட்னி டெஸ்டின் மூன்றாம் நாளன்று அரங்கம் முழுவதும் இளஞ்சிவப்பில் திளைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. சிற்றிதழ்களில் தொடர்ந்து எழுதிவரும் நண்பர் ஒருவர், "துக்கத்துக்கும் யூனிஃபார்ம் தைத்துவிட்டார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு உறுத்தியது.

யாருடைய துக்கம் என்பதையாவது அறிந்துகொண்டு சிரித்திருக்கலாம். வேகப்பந்து வீச்சாளர் க்ளென் மெக்ராத்தின் மனைவி ஜேனுக்கு 1997இல், 31ஆம் வயதில், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. குணமடைந்தார். 2003இல் அது எலும்பில் திரும்பி வந்தது. அந்த இரண்டாம் முறை, மார்பகப் புற்றுநோய்ப் பராமரிப்பில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரின் துணை அவருக்கு வாய்த்தது. அத்துணை பிற பெண்களுக்கும் கிடைக்க வேண்டுமென்று 2005இல் கணவனும் மனைவியுமாக அறக்கட்டளை தொடங்கினார்கள். 2008 ஜூன் 22 அன்று, 42 வயதில், இரு சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு ஜேன் மறைந்தார். அடுத்த ஜனவரியில் தொடங்கியதுதான் இந்த இளஞ்சிவப்பு டெஸ்ட்.

தொலைக்காட்சியில் நாம் காண்பது சிட்னி மைதானத்தை மட்டுமே. ஊர்க் கழகங்களும் பள்ளிகளும் சிறுவர் அணிகளும் இளஞ்சிவப்பு ஸ்டம்ப்புகளை நட்டு ஆடி, தேநீரும் பலகாரமும் விற்று நிதி திரட்டும் ஆட்டங்கள் நம் கண்ணில் படுவதில்லை. பல இடங்களில் அந்த ஊரிலேயே இறந்துபோன ஒரு தாயின் நினைவும் அதில் சேர்ந்திருக்கும். அந்தப் பணம் எங்கே போகிறது? செவிலியருக்குப் போகிறது. மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிச் சென்றதை அமர்ந்து விளக்குபவர் அவர். அறுவைக்குப் பின் கை ஏன் வீங்குகிறது, குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது என்றெல்லாம் அவரிடம் கேட்கலாம். கட்டணம் கிடையாது, மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும் தேவையில்லை. பெரிய மருத்துவமனை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சிற்றூர்ப் பெண்ணுக்கு இதன் பொருள் என்னவென்று நாம் யோசித்தோமா?

"அது அரசின் கடமையல்லவா?" என்றும் நண்பர் கேட்டார். கடமைதான். ஆனால் ஆஸ்திரேலிய அரசும் இச்செவிலியர் பணியிடங்களுக்கு நிதி தருகிறது என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. மக்கள் முதலில் உண்டியல் குலுக்கியதால் அரசின் கடமை மறைந்துபோகவில்லை, வெளிச்சத்துக்கு வந்தது. கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்துக்கொண்ட மரபில் வந்த நாம், பொதுவெளியில் அழுவதைப் பாமரத்தனமாகக் கருதத் தொடங்கியது எப்போது என்பது தனியே எழுத வேண்டிய விஷயம்.

எனக்கும் இதில் சண்டைகள் உண்டு. முதலாவது, 'போராளி' என்ற சொல். அந்த முதல் இளஞ்சிவப்பு டெஸ்டின் கடைசி நாளில் தென்னாப்பிரிக்கத் தலைவர் க்ரேம் ஸ்மித் முறிந்த கையோடு மட்டையெடுத்து வந்தார். இன்னும் பத்துப் பந்துகள் எஞ்சியிருக்கையில் ஆட்டமிழந்தார். அது வீரம், ஐயமில்லை. அவர் பெவிலியனிலேயே அமர்ந்திருந்தாலும் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். நோயாளிக்கு அத்தகைய தேர்வு ஏது? 'போராடித் தோற்றார்' என்று எழுதும்போது, இறந்தவர் சரியாக ஆடவில்லை என்றல்லவா சொல்கிறோம்?

இரண்டாவது, எல்லாப் புற்றுக்கும் இத்தனை அழகிய நிறம் வாய்ப்பதில்லை. புகையே பிடிக்காத ரூத் ஸ்ட்ராஸ் அரிய வகை நுரையீரல் புற்றுநோயால் 2018 டிசம்பரில் 46 வயதில் இறந்தார். நுரையீரல் புற்று என்றதும் 'புகைப்பாரோ?' என்பதே நம் முதல் கேள்வி. இரக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவருடைய கணவர், முன்னாள் இங்கிலாந்து அணித் தலைவர் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ், அதற்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்கி, 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தைச் சிவப்பாக்கினார். தாயோ தந்தையோ இறக்கப்போகிறார் என்பதை எதிர்கொள்ளப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதில் குடும்பங்களுக்குத் துணைநிற்பது அதன் பணிகளுள் ஒன்று. நம் சூழலில் பிள்ளைக்குக் கடைசிவரை எதுவுமே சொல்வதில்லை. 'அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்' என்போம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. சிறுவர் அணியொன்று இறந்துபோன தாயின் பெயரில் ஆடும்போது, அவளுடைய மகன் அந்த அணியிலேயே இருப்பான். சட்டைகளில் அவள் பெயரை அச்சிடுங்கள், உண்டியலை நிரப்புங்கள். ஆனால் பரிசளிப்பு மேடையில் அவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்து அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லாதீர்கள். அவனுக்குப் பேசத் தோன்றினால் பேசட்டும். வழக்கமாக ஏழாவதாக மட்டையெடுப்பவன் என்றால், அன்றும் ஏழாவதாகவே இறங்கட்டும்.