கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே

உதிரிச் சாமான்களாகப் பெட்டியில் வருகிற மின்சாரக் கிட்டாரை வாங்கி, வீட்டிலேயே பூட்டுகிறவர்களைப் பாருங்கள். கட்டையைத் தேய்த்து வர்ணம் பூச மூன்று வாரம் செலவிடுவார்கள். 'பிக்கப்'பை மாட்ட மட்டும் அரை மணி போதும் என்பார்கள். பந்தலும் பாயசமும் ஏற்பாடு செய்துவிட்டு, நாயனக்காரரை முதல் நாள் சாயங்காலம் தேடுகிற கலியாண வீடு மாதிரிதான்!

பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுக்களும். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த சங்கதி. நைலான் தந்தி போட்டால் கிட்டார் ஊமை.

இதில் ஒரு தகப்பனாரும் பிள்ளையும் பட்ட பாடு கேட்கத் தகுந்தது. 1963-ல், லண்டன் பக்கத்து ஃபெல்தத்தில், பிரையன் மே என்ற பதினாறு வயதுப் பையனுக்குக் கிட்டார் ஆசை. நல்லதாக வாங்கப் பணம் இல்லை. தகப்பனார் ஹரோல்டோ மின்னணு வேலை தெரிந்தவர். இருவரும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். பழைய கணப்பு அடுப்பின் மேல்பலகை கிட்டாரின் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள் தந்திகளின் இழுப்பைத் தாங்கின. அம்மாவின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள்கூடத் தப்பவில்லை!

பிக்கப்பையும் சொந்தமாகவே சுற்றினார்கள். சத்தம் வந்தது, ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தால் கூடவே கரகரப்பும் வந்தது. கடைசியில் பையன் பர்ன்ஸ் கம்பெனியின் பிக்கப் மூன்றை விலைக்கு வாங்கினான். வாங்கியதையும் அப்படியே மாட்டிவிடவில்லை. உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினான். சுருளில் தளர்வு இருந்தால், ஒலிபெருக்கியை உயர்த்தும்போது கம்பியே நடுங்கிக் கீச்சென்று ஊளையிடும். அதற்குத்தான் அந்தப் பசை. பின்னாளில் 'குவீன்' கோஷ்டியில் உலகம் கேட்டதும், 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டைமாடியில் முழங்கியதும் அந்தக் கிட்டார்தான்.

நீங்கள் அரால்டைட்டைத் தொட வேண்டாம். ஊற்றினால் ஊற்றியதுதான், பிறகு சுருளைப் பிரிக்க முடியாது. பல பிக்கப்புகள் மெழுகில் தோய்த்தே வருகின்றன.

பெட்டியோடு வந்த பிக்கப்பை 'மட்டமான சரக்கு' என்று ஏசிவிட்டு, கிட்டாரின் விலைக்கே இன்னொன்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பர்ஸைத் திறக்குமுன் திருப்புளியை எடுங்கள் ஐயா!

மாட்டுமுன் மீட்டரை வைத்துப் பாருங்கள். சாதாரணமாக ஐந்திலிருந்து பத்துக் கிலோ ஓம் வரை காட்டும். முள் அசையவே இல்லையென்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. ஈயம் பற்றவைக்கும்போது சூட்டைச் சட்டென்று கொடுத்து எடுங்கள். தந்திகள் ஏறி உட்காரும் குதிரைக்குப் போகிற தரைக் கம்பியை மறந்தால் 'உம்ம்' என்ற ரீங்காரம் உங்களோடு குடித்தனம் நடத்தும். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் சத்தம் சூம்பிப் போகிறதா? ஒன்றின் இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். உலோக மூடி போட்டதானால் மட்டும் விஷயம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

மிச்சமெல்லாம் உயரம்தான். கிட்டே வைத்தால் சத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். நாதம் சீக்கிரம் செத்துவிடும். தடித்த தந்திகளில் அபஸ்வரம் தட்டும். அத்தனை பழியும் பாவம், சுருதி முறுக்காணிமேல் விழும்!

கடைசி மெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருக்கும்படி ஆரம்பியுங்கள். கழுத்துப் பக்கம் தந்தி அகலமாக ஆடுவதால் அங்கே உள்ளதைச் சற்றுத் தாழ்த்துங்கள். குதிரைப் பக்கத்ததைச் சற்று உயர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். ஒவ்வொரு தடவையும் சுருதி சேர்த்து, ஒரு தந்தியை மீட்டி, அது அடங்கும்வரை கேளுங்கள்; பிறகு அடுத்த கால் சுற்று.